ஆபீசில் பேசிய பேச்சு யாருக்குச் சொந்தம்?

2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் ஒரு சம்பவம் நடந்தது.

'ஹாக் கிளப்' என்பது அங்குள்ள ஒரு தர்ம ஸ்தாபனம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதும் வித்தையைப் பழக்குவது அதன் வேலை. பல ஊர்களில், பல நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கு 'ஸ்லாக்' என்ற செய்தித் தளத்தை அது உபயோகித்து வந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 11 ஆண்டுகளாக!

ஆண்டுக்கு 5 ஆயிரம் டாலர் கட்டணம் கட்டி வந்தார்கள். திடீரென்று ஒரு கடுதாசி வந்தது. "ஒரு வாரத்துக்குள் 50 ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். இனிமேல் ஆண்டுக்கு 2 லட்சம் டாலர். இல்லையேல் தளம் மூடப்படும்" என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக அந்த ஸ்தாபனம் பகிரங்கமாக வெளியிட்டது.

சேதி உலகெங்கும் பரவியது. கண்டனங்கள் குவிந்தன. ஸ்லாக் கம்பெனி இறங்கி வந்தது. விவகாரம் ஒருவாறு தீர்ந்தது.

ஆனால் அந்தச் சில நாட்களில் அந்த ஸ்தாபனத்தார் பட்ட கவலை என்ன? பணம் மட்டும் அல்ல. 11 ஆண்டுகளாகப் பேசிய பேச்சு, கேட்ட கேள்வி, சொன்ன பதில், எடுத்த முடிவு எல்லாம் அந்தத் தளத்துக்குள் இருந்தன. கதவைச் சாத்திவிட்டால் எல்லாம் உள்ளேயே நின்றுவிடும். ஒரு வாரத்தில் எதை எடுப்பது? எப்படி எடுப்பது?

இந்தக் கவலை ஹாக் கிளப்புக்கு மட்டும் உரியது அல்ல. இன்று உலகில் லட்சக்கணக்கான ஆபீசுகள் இதே நிலையில்தான் இருக்கின்றன.

தபால் பையிலிருந்து சாட்டுக்கு

முன்பெல்லாம் ஆபீஸ் என்றால் கோப்பு இருக்கும். வரும் கடிதத்துக்கு ஒரு பதிவேடு, போகும் கடிதத்துக்கு ஒரு பதிவேடு. மேனேஜர் வாயால் சொன்னதைக் கூட குமாஸ்தா குறிப்பாக எழுதி வைப்பார். ரிக்கார்டு ரூமின் சாவி அந்த ஆபீசிலேயே, ஒரு பொறுப்பாளரின் இடுப்பில் தொங்கும்.

பிறகு ஈமெயில் வந்தது. அதன் பின் 'சாட்' வந்தது. ஸ்லாக், மைக்ரோசாப்ட் டீம்ஸ், கூகுள் சாட், நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் கிளிக் ஆகியவை எல்லாம் இந்த ரகம்தான்.

ஸ்லாக் பிறந்த கதை வேடிக்கையானது. ஸ்டூவர்ட் பட்டர்பீல்டு என்பவரின் குழு 'கிளிட்ச்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைத் தயாரித்தது. விளையாட்டு எடுபடவில்லை. 2012-ம் ஆண்டு அதை மூடினார்கள். ஆனால் வேலை செய்யும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்கள் செய்து வைத்திருந்த கருவி பிழைத்துக்கொண்டது. அதுதான் 2014-ல் ஸ்லாக் என்ற பெயரில் பொதுமக்களுக்கு வந்தது. 2021-ல் சேல்ஸ்போர்ஸ் கம்பெனி அதை வாங்கியது. விலை சுமார் 2,770 கோடி டாலர்!

பேசுவதற்கான ஒரு கருவிக்கு இவ்வளவு விலையா என்று வாசகர்கள் மலைக்கலாம். விலை கருவிக்கு மட்டும் அல்ல. அதில் சேர்ந்து கிடக்கும் பேச்சுக்கும் சேர்த்துத்தான். 'ஸ்லாக்' என்ற பெயரே ஒரு நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களால் ஆனது என்று பட்டர்பீல்டு சொல்லியிருக்கிறார். 'எல்லாப் பேச்சும் எல்லா அறிவும் அடங்கிய, தேடிப் பார்க்கக்கூடிய பதிவேடு' என்பது அதன் பொருள். அதாவது, பேசுவதற்கு இடம் கொடுப்பது மட்டும் அல்ல. பேசியதைச் சேர்த்து வைப்பதும் அதன் நோக்கம்.

ரிக்கார்டு ரூம் ஆபீசை விட்டு வெளியே போய்விட்டது. சாவியும் கூடவே போய்விட்டது. இன்றைய பிரச்னையின் ஆணிவேர் இதுதான்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

ஏற்றுமதி என்றால் தூத்துக்குடித் துறைமுகமும் உப்பு மூட்டையும் நினைவுக்கு வரும். கம்ப்யூட்டர் உலகிலும் ஏற்றுமதி உண்டு. ஒரு தளத்தில் இருக்கும் தகவலைக் கட்டி வெளியே எடுத்து வருவதற்குத்தான் அங்கே அந்தப் பெயர்.

ஸ்லாக்கிலிருந்து பேச்சை ஏற்றுமதி செய்தால் 'ஜிப்' என்ற கட்டு ஒன்று கிடைக்கும். அதைப் பிரித்தால் ஒவ்வொரு சேனலுக்கும் ஓர் உறை இருக்கும். உறைக்குள் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள். இந்தத் தாள்கள் 'ஜேசான்' என்ற வடிவில் எழுதப்பட்டவை. மனிதர் படிப்பதற்கு அல்ல, இயந்திரம் படிப்பதற்கு.

பேசியவரின் பெயர் அந்தத் தாளில் நேராக இருக்காது. அவருக்குரிய ஒரு குறியீடு இருக்கும். யாருடைய குறியீடு எது என்பது வேறொரு தாளில் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

நேரமும் அப்படித்தான். காலை 10 மணி, மாலை 4 மணி என்று எழுதியிருக்காது. 1970 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்ற கணக்கு இருக்கும். உதாரணமாக 1700000000 என்று போட்டிருந்தால், அது நம் நாட்டு நேரப்படி 2023 நவம்பர் 15-ந் தேதி அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 விநாடி!

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பேச்சோடு சேர்த்து அனுப்பிய படம், கணக்கு, ஒப்பந்தம் ஆகியவை இந்தக் கட்டில் இருக்கமாட்டா. அவை இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். தளம் மூடப்பட்டால் முகவரி இருக்கும், வீடு இருக்காது.

"ஏற்றுமதி செய்துவிட்டோம், கவலை இல்லை" என்று பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கும் நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும். பிரித்துப் பார்க்காத மூட்டை மூட்டையே அல்ல.

காசுக்கு ஏற்ற கதவு

சரி, இந்தக் கட்டை யார் எடுக்கலாம்? கொடுக்கும் காசைப் பொறுத்தது.

இலவசமாகவோ, குறைந்த கட்டணத்திலோ உபயோகிப்பவர்கள் பொதுச் சேனல்களில் பேசிய பேச்சை மட்டும் தாங்களாகவே எடுக்கலாம். தனிச் சேனலும், இருவருக்குள் பேசிய பேச்சும் வேண்டுமானால் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கோர்ட்டு உத்தரவோ, உறுப்பினர்களின் சம்மதமோ, சட்டப்படியான உரிமையோ காட்ட வேண்டும். கூடுதல் கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் அனுமதி பெற்று எல்லாவற்றையும் தாங்களே எடுக்கலாம்.

இலவசக்காரர்களுக்கு வேறு கஷ்டமும் உண்டு. 2022 செப்டம்பர் முதல், கடைசி 90 நாள் பேச்சைத்தான் அவர்கள் பார்க்க முடியும். 2024 ஆகஸ்டு முதல், ஓராண்டுக்கு முந்தையவற்றை அழிக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. நம் ஊர்ச் சங்கங்களும், சிறு தொழில் செய்பவர்களும், இளைஞர் குழுக்களும் "இலவசம்தானே" என்று இத்தகைய தளங்களில் சேருகிறார்கள். குடியிருக்க வாடகை இல்லை என்பது உண்மை. ஆனால் பரண்மேல் போட்ட சாமான் ஓராண்டுக்குப் பின் இருக்காது என்பதும் உண்மை.

புகார் சொன்னவரே பூட்டுப் போட்டார்

மைக்ரோசாப்டின் 'டீம்ஸ்' ஸ்லாக்குக்குப் பெரிய போட்டி. "மைக்ரோசாப்ட் தன் ஆபீஸ் நிரல்களோடு டீம்ஸையும் சேர்த்துக் கட்டி விற்கிறது, இது நியாயமற்ற போட்டி" என்று ஸ்லாக் 2020 ஜூலையில் ஐரோப்பியக் கமிஷனிடம் புகார் செய்தது. விசாரணை நடந்தது. 2025 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் சில வாக்குறுதிகளைக் கொடுத்தது. கமிஷன் ஏற்றுக்கொண்டது. அவற்றில் ஒன்று: ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் டீம்ஸில் உள்ள தங்கள் செய்திகளை எடுத்துக்கொண்டு போட்டித் தளங்களுக்குப் போக வழி செய்ய வேண்டும். இந்த வாக்குறுதி 10 ஆண்டு செல்லும்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அதே 2025-ம் ஆண்டு மே மாதம் ஸ்லாக் என்ன செய்தது?

வேறு கம்பெனிகள் செய்து விற்கும் நிரல்கள் ஸ்லாக்குக்குள் நுழைந்து பேச்சை எடுத்துப் படிக்க 'ஏ.பி.ஐ.' என்ற பக்கவாசல் உண்டு. ஸ்லாக்கின் அங்கீகாரக் கடையில் இடம் பெறாத அத்தகைய புதிய நிரல்களுக்கு அந்த வாசல் குறுக்கப்பட்டது. நிமிடத்துக்கு ஒரு முறைதான் கேட்கலாம். கேட்டால் 15 செய்திகள்தான் கிடைக்கும். மொத்தமாக அள்ளிச் செல்லவும் தடை. செயற்கை அறிவு இயந்திரங்களுக்கு வாடிக்கையாளரின் பேச்சு தீனியாகிவிடாமல் காப்பதற்கே இந்த ஏற்பாடு என்று கம்பெனி காரணம் சொன்னது. ஓர் ஆபீஸ் தனக்கென்று தானே செய்துகொள்ளும் நிரலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நடுத்தரக் கம்பெனியில் ஒரு லட்சம் செய்திகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 15 வீதம் எடுத்தால், இரவு பகல் ஓயாமல் எடுத்தாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். நாலரைக் கோடிச் செய்திகள் உள்ள பெரிய கம்பெனியானால் ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும்!

ஸ்லாக் சொல்லும் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வாடிக்கையாளரின் பேச்சைக் கண்டவர்கள் அள்ளிக்கொண்டு போகக் கூடாதுதான். ஆனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? பேச்சுக்கு உரியவரா, அதை வைத்திருக்கும் கிடங்குக்காரரா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது நம் ஊர்ப் பழமொழி. மைக்ரோசாப்டின் கதவு திறந்திருக்க வேண்டும், ஸ்லாக்கின் கதவு ஒருக்களித்திருக்கலாம் என்பது எப்படிப் பொருந்தும்?

ஊழியரின் பக்கம்

இதுவரை கம்பெனிக்கும் முதலாளிக்கும் உள்ள வழக்கைப் பார்த்தோம். மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். பேசியவரே அவர்தான்!

மதிய உணவு வேளையில் ஒரு ஊழியர் தன் சிநேகிதருக்கு எழுதுகிறார்: "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கடன் வாங்க வேண்டியிருக்கிறது." இதுவும் அதே தளத்தில்தான் பதிகிறது. ஏற்றுமதிக் கட்டில் இதுவும் வரும். படிப்பவர் அவருடைய மேலதிகாரியாக இருக்கலாம்.

2018-க்கு முன்பு ஸ்லாக்கில் ஒரு விதி இருந்தது. தனிப் பேச்சுக்களை எடுக்கும் வசதியை முதலாளி பெற வேண்டுமானால் ஊழியர்களுக்கு அறிவிப்பு போகும். அறிவித்த தேதிக்குப் பின் பேசியதைத்தான் எடுக்கலாம். 2018 ஏப்ரலில் விதி மாறியது. தளம் தானாக அறிவிக்கும் வழக்கம் நின்றது. சொல்வதா, வேண்டாமா என்பது முதலாளியின் பொறுப்பாயிற்று. தங்கள் ஆபீஸ் எந்த அளவு ஏற்றுமதி செய்யும் வசதி பெற்றிருக்கிறது என்பதைக் கணக்கின் அமைப்புப் பக்கத்தில் ஊழியர் பார்க்கலாம். எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

வேலையை விட்டுப் போகும் ஊழியர் தன் பேச்சைத் தானே கட்டி எடுத்துக்கொண்டு போக முடியுமா? முடியாது. அந்த அதிகாரம் தளத்தின் உரிமையாளருக்கும் நிர்வாகிகளுக்கும் மட்டும்தான். ஐரோப்பாவில் 2018 மே முதல் அமுலில் உள்ள தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றிய தகவலின் நகலை முதலாளியிடம் கேட்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. எல்லா நாடுகளிலும் இந்த வசதி இல்லை.

பேச்சு வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு என்ரான் கம்பெனி ஓர் உதாரணம். அது திவாலான பிறகு, விசாரணைக்காகக் கைப்பற்றிய ஈமெயில்களை அமெரிக்க சர்க்காரின் எரிசக்தி ஒழுங்குமுறைக் கமிஷன் 2003-ல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. ஆராய்ச்சியாளர்கள் கையில் இன்று இருக்கும் தொகுப்பில் மட்டும் சுமார் 150 பேர் எழுதிய, பெற்ற ஏறக்குறைய 5 லட்சம் கடிதங்கள். மோசடி செய்தவர்களின் கடிதம் மட்டுமா? ஒரு பாவமும் அறியாத சிப்பந்திகளின் குடும்ப விஷயங்களும் அதில் இருந்தன.

2024 ஜூலையில் டிஸ்னி கம்பெனிக்கு நேர்ந்தது வேறு விதம். ஒரு ஊழியர், படம் வரையும் நிரல் என்று நம்பி ஒரு விஷ நிரலைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் இறக்கினார். அதன் வழியே அவருடைய சங்கேதச் சொற்கள் களவு போயின. களவாடியவன் ஆயிரக்கணக்கான ஸ்லாக் சேனல்களுக்குள் புகுந்து, 1.1 டெராபைட் தகவலை அள்ளி வெளியிட்டான். ஒரே ஒரு சாவி; ஊர்ப் பேச்சு முழுவதும் தெருவுக்கு வந்துவிட்டது.

ஆகவே கதவு எல்லோருக்கும் விரியத் திறந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உரியவருக்குத் திறக்க வேண்டும். மற்றவருக்குத் திறக்கக் கூடாது. திறந்தால், உள்ளே இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அழித்தாலும் வம்பு

"இவ்வளவு தொல்லை எதற்கு? பேசியதை அன்றன்றே அழித்துவிட்டால் போகிறது" என்று சிலர் யோசனை சொல்லலாம். அதுவும் ஆபத்து.

அமெரிக்காவில் எபிக் கேம்ஸ் கம்பெனி கூகுள்மீது வழக்குத் தொடர்ந்தது. வழக்கு நடக்கும்போது கூகுள் ஊழியர்களின் சாட் பேச்சுக்கள் 24 மணி நேரத்தில் தாமாக அழிந்துகொண்டிருந்தன என்று தெரிய வந்தது. பாதுகாக்க வேண்டிய சாட்சியத்தைப் பாதுகாக்கவில்லை என்று ஜட்ஜ் ஜேம்ஸ் டொனாட்டோ 2023 மார்ச்சில் கண்டித்தார். அழிந்த பேச்சு கூகுளுக்கு விரோதமாக இருந்திருக்கும் என்று ஜூரிகள் ஊகித்துக்கொள்ள இடம் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு கூகுளுக்கு எதிராக வந்தது.

2024 ஜனவரியில் அமெரிக்க நீதி இலாகாவும் வர்த்தகக் கமிஷனும் சேர்ந்து ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தின. விசாரணையில் உள்ள கம்பெனிகள் ஆபீஸ் சாட் தளங்களின் பேச்சையும், தானாக மறையும் செய்திகளையும் பாதுகாக்கக் கடமைப்பட்டவை என்பதே அது. கோர்ட்டின் கண்ணில் இந்தப் பேச்சு அரட்டை அல்ல, தஸ்தாவேஜு.

நம் நாட்டில் என்ன நிலைமை?

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் லட்சக்கணக்கான நம் பிள்ளைகள் இத்தகைய தளங்களில்தான் பொழுதெல்லாம் பேசி வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஆகஸ்டில் நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முக்கியமான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. இந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்களை ஊழியர்கள் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தகவலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை. 2019-ல் வந்த மசோதாவில் அது இருந்தது. அந்த மசோதா 2022-ல் வாபஸ் ஆயிற்று. 2023 சட்டத்தில் அந்த உரிமை இல்லை.

இரண்டாவது, வேலைவாய்ப்பு சம்பந்தமான காரியங்களுக்காக ஊழியரின் தகவலை அவருடைய சம்மதம் கேட்காமலே முதலாளி கையாள இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. கம்பெனி ரகசியத்தைக் காப்பதும் இதில் அடங்கும். என்ன தகவல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையோ, சம்மதம் கொடுத்து அளித்த தகவலைப் பற்றியதுதான்.

கோர்ட்டுக்குப் போனால் வேறொரு நிபந்தனை உண்டு. மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழ் தேவை என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் படிவத்தில் 'ஹாஷ்' மதிப்பையும் குறிக்க வேண்டும். இது ஆவணத்தின் விரல்ரேகை மாதிரி. ஓர் எழுத்தை மாற்றினாலும் ரேகை மாறிவிடும். யாரோ எடுத்து, எங்கோ வைத்து, எப்படியோ கொண்டுவந்த கட்டு கோர்ட்டில் செல்லுபடியாவது கஷ்டம்.

என்ன செய்யலாம்?

ஆபீஸ் நடத்துபவர்கள் ஒரு தளத்தில் சேருமுன் "உள்ளே வர எவ்வளவு?" என்று கேட்பதோடு "வெளியே போக வழி எது?" என்றும் கேட்க வேண்டும். மனஸ்தாபம் வந்த பிறகு மூட்டை கட்ட ஆரம்பித்தால் நேரம் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து வைக்க வேண்டும். இணைப்புக் கோப்புகளைத் தனியே பிரதி எடுக்க வேண்டும். கட்டைப் பிரித்துப் படித்துப் பார்க்க வேண்டும். விரல்ரேகை எடுத்துக் குறித்து வைக்க வேண்டும்.

தனிப் பேச்சை எடுக்க ஒருவர் உத்தரவு போதாது; இருவர் கையெழுத்து வேண்டும். எதற்காக, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பதிவேட்டில் எழுத வேண்டும். விசாரணைக்குக் கெடுதல் இல்லாத சமயங்களில் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு காலம் பேச்சை வைத்திருப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீஸ் சாட் உங்கள் வீட்டுத் திண்ணை அல்ல. சொந்தக் கதைக்குச் சொந்தப் போன் இருக்கிறது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் தகவல் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் அமுலில் இருக்கிறது. இணையம் வழியே சேவை தரும் கம்பெனியை விட்டு வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்கு மாறுவதைத் தடுக்கக் கூடாது என்கிறது அது. 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்கென்று தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது. ஐரோப்பிய வியாபாரிக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு ஈரோட்டு வியாபாரிக்கும் கிடைக்க வேண்டாமா? விட்டுப்போன அந்த ஒரு உரிமையைச் சட்டத்தில் சேர்ப்பது பெரிய காரியம் அல்ல. அதோடு, தன் தனிப் பேச்சை முதலாளி எடுத்தால் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையை ஊழியருக்குக் கொடுப்பதும் அவசியம்.

வாடகை வீட்டைக் காலி செய்யும் குடித்தனக்காரர் தன் பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டுதான் போவார். அவற்றை வீட்டுக்காரர் பிடித்து வைத்துக்கொண்டால் ஊர் சும்மா இருக்காது. குடித்தனக்காரர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவருடைய பெட்டியைத் திறந்தாலும் ஊர் சும்மா இருக்காது. பேச்சுக்கும் இந்த இரண்டு நியாயங்களே போதும்.